500 கார்டு கொடுத்தேன், அழைத்தவர்கள் இரண்டே பேர்

கேள்வி: மரவேலை செய்கிறேன். கட்டில், அலமாரி, சமையலறை கபோர்டு எல்லாம் செய்வேன். பழைய சாமான்களைப் பழுதுபார்த்தும் கொடுப்பேன். ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் தனியாகத் தொழில் தொடங்கினேன். 500 விசிட்டிங் கார்டு அடித்து, அநேகமாக எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்தாயிற்று. கார்டைப் பார்த்து அழைத்தவர்கள் இரண்டே பேர். மறுபடி அடிக்கும் முன் கேட்கிறேன்: கார்டில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்? போட்டோ, க்யூஆர் கோடு எல்லாம் அவசியமா? பழைய கார்டின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கார்டைப் பார்த்தேன். முன்பக்கம் பளபளக்கும் கருப்பு. நடுவில் உங்கள் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிப் பிணைத்து தங்க நிறத்தில் ஒரு லோகோ. அதன் கீழே 'கிரியேட்டிவ் இன்டீரியர் சொல்யூஷன்ஸ்'. பின்பக்கத்தில் 14 வேலைகளின் பட்டியல், இரண்டு செல்போன் எண்கள், ஒரு லேண்ட்லைன், மின்னஞ்சல், முகவரி, மூன்று சமூக வலைத்தளங்களின் சின்னங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியின் முதல் சொல்லான 'மரவேலை' அந்தக் கார்டில் எந்த மூலையிலும் இல்லை.

கார்டைக் கொடுக்கும்போது நீங்களே எதிரில் நிற்கிறீர்கள், பேசுகிறீர்கள். அந்த நேரத்தில் கார்டுக்கு வேலையே கிடையாது. வாங்கியவர் அதைப் பர்ஸில் செருகுவார், வீட்டுக்குப் போனதும் ஏதோ ஒரு டிராயரில் போடுவார். நான்கைந்து மாதம் கழித்து அவர் வீட்டு அலமாரிக் கதவு கீல் கழன்று தொங்கும். 'அன்றைக்கு ஒருத்தர் கார்டு கொடுத்தாரே' என்று டிராயரைத் துழாவுவார். உங்கள் முகம் பாதி மறந்திருக்கும், பெயர் முழுவதும் மறந்திருக்கும். கையில் வரும் பத்து கார்டுகளில் எது தச்சருடையது என்று அவர் தேடும்போது 'கிரியேட்டிவ் இன்டீரியர் சொல்யூஷன்ஸ்' என்பது பெயின்ட் அடிப்பவராகவும் இருக்கலாம், திரைச்சீலை தைப்பவராகவும் இருக்கலாம். கீழே வைத்துவிட்டு அடுத்த கார்டை எடுப்பார். இனி நான் சொல்லப்போவது எல்லாமே டிராயரைத் துழாவும் அந்த ஆளை மனதில் வைத்துத்தான்.

முன்பக்கத்தில் மூன்றே விஷயங்கள் போதும். உங்கள் பெயர், நீங்கள் செய்யும் வேலை, ஒரு போன் எண். வேலையை வாடிக்கையாளர் வாயில் வரும் சொல்லிலேயே எழுதுங்கள்: 'மரவேலை. கட்டில், அலமாரி, கபோர்டு. புதிதாகச் செய்யவும் பழுதுபார்க்கவும்.' அவ்வளவுதான். 'புரொப்ரைட்டர்' என்ற பதவி உங்களுக்குப் பெருமை, சரி. கீல் கழன்றவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. நிறுவனத்தின் பெயரைப் போட ஆசையென்றால் சிறிதாகப் போடலாம். தொடங்கி ஒரு வருடமே ஆன நிறுவனத்தின் லோகோவை யாரும் அடையாளம் கண்டுகொள்ளப் போவதில்லை என்பதால் பெரிய இடத்தை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

14 வேலைகளின் பட்டியலை எடுத்துவிடுங்கள். இதற்கு எழுத்தளவும் ஒரு காரணம். அத்தனை வரியையும் அடைக்க உங்கள் டிசைனர் எழுத்தை 5 பாயின்டுக்கு இறக்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஒரு பாயின்ட் என்பது ஒரு அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு, சுமார் 0.35 மி.மீ. ஆக 5 பாயின்ட் என்றால் கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் சேர்த்து இரண்டு மி.மீ.க்கும் குறைவு. வெள்ளெழுத்து வந்த ஒருவரால் கண்ணாடி இல்லாமல் அதைப் படிக்கவே முடியாது. வீட்டுக்கு அலமாரி செய்யச் சொல்லும் நிலையில் இருப்பவர்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆங்கில எழுத்து 8 பாயின்டில் தெளிவாக இருக்கும் என்பதால் தமிழையும் அதே அளவில் வைத்துவிடுகிறார்கள். தமிழில் சுழிகள் அதிகம். 'ணை', 'ஞ', 'ஜி' போன்றவை சிறிய அளவில் அடைத்துக்கொள்ளும். அதனால் தமிழுக்கு 9 பாயின்டுக்குக் கீழே போக வேண்டாம். பெயரும் எண்ணும் 12, 14 என்று தாராளமாக இருக்கட்டும். கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் கவனம் தேவை. மை சுற்றிலும் கொஞ்சம் பரவும். பரவும்போது முதலில் பலியாவது புள்ளி. உங்கள் பழைய கார்டையே பூதக்கண்ணாடியில் பாருங்கள், 'கட்டில்' பல இடங்களில் 'கடடில' ஆகியிருக்கும்.

தமிழில் அச்சடிக்கும்போது இன்னொரு தொல்லையும் உண்டு. நீங்கள் போனில் யூனிகோடில் டைப் செய்து அனுப்பியதை டிசைனர் தன் மென்பொருளில் ஒட்டுவார். அது பழைய பதிப்பாக இருந்தால், அல்லது இந்திய மொழிகளுக்கான அமைப்பை அவர் இயக்காமல் விட்டிருந்தால், கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்துவிடும். 'கொ' எழுத வேண்டிய இடத்தில் 'க'வுக்குப் பிறகு கொம்பு வந்து நிற்கும். தமிழ் தெரியாத டிசைனருக்கு அது தப்பு என்றே தெரியாது. ஆகவே கணினியில் ஒரு எழுத்து விடாமல் படித்துச் சரிபார்த்த பிறகு, எழுத்துகளை 'கர்வ்' ஆக, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றி பிடிஎஃப் கோப்பாக அச்சகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்போது அச்சகத்தின் கணினியில் அந்த ஃபாண்ட் இல்லாவிட்டாலும் எழுத்து உடையாது. கர்வ் ஆக்கிய பிறகு திருத்த முடியாது, அதனால் மாற்றாத மூலக் கோப்பையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களுக்கு வருவோம். மூன்று எண் கொடுத்தால் வசதி என்று நினைக்கிறோம். வாங்கியவருக்கோ எதை அழைப்பது என்று குழப்பம். முதலில் அழைத்த எண்ணை யாரும் எடுக்காவிட்டால் அடுத்ததை முயல மாட்டார், அடுத்த தச்சரை அழைப்பார். நீங்கள் எப்போதும் எடுக்கும் ஒரே எண்ணைப் போடுங்கள். வாட்ஸ்அப்பும் அதே எண்ணில் இருக்கட்டும், ஏனென்றால் உடைந்த நாற்காலியைப் படம் எடுத்து அனுப்புவது அதைப் போனில் விவரிப்பதைவிட எளிது. இலக்கங்களை ஒரே சங்கிலியாக விடாமல் மூன்று நான்காகப் பிரித்து, நடுவே இடைவெளி விட்டு அச்சிடுங்கள். பார்த்து அழுத்தும்போது தப்பு குறையும்.

வாடிக்கையாளர்கள் பட்டறைக்கு நேரில் வருவார்கள் என்றால் முழு முகவரி போடுங்கள், நீங்கள்தான் வீடுகளுக்குப் போகிறீர்கள் என்றால் பகுதியின் பெயர் மட்டும் போதும். யாரும் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பாவிட்டால் அதுவும் வேண்டாம். அந்த மூன்று சமூக வலைத்தளச் சின்னங்களைப் பார்த்து நான் சிரித்தேன், கோபிக்காதீர்கள். சின்னத்துக்குப் பக்கத்தில் பக்கத்தின் பெயரே இல்லை. காகிதத்தில் விரலால் தட்டினால் ஒன்றும் திறக்காதே!

இப்போது க்யூஆர் கோடு. உதிரி பாகங்களைக் கண்காணிக்க ஜப்பானின் டென்சோ குழுமத்தில் 1994-ல் உருவானது இது. கார்டில் எண் தெளிவாக இருக்கும்போது எண்ணை மறுபடி கோடுக்குள் வைப்பதில் பெரிய லாபமில்லை. ஆனால் உங்கள் தொழிலில் அதற்கு நல்ல பயன் ஒன்று உண்டு: செய்து முடித்த வேலைகளின் படங்கள் இருக்கும் பக்கத்துக்கு அதை இணைப்பது. 'நான் செய்த வேலைகளைப் பார்க்க' என்று அதன் கீழே ஒரு வரி எழுதுங்கள். எதற்கென்று சொல்லாத கட்டத்தை ஸ்கேன் செய்ய நிறையப் பேர் தயங்குவார்கள், தயங்குவதும் நியாயம்தான்.

கோடு 2 செ.மீ.க்குக் குறையாத சதுரமாக இருக்கட்டும். உள்ளே வைக்கும் தகவல் கூடக்கூடக் கட்டங்கள் பொடியாகும். மிகச் சிறிய கோடு பக்கத்துக்கு 21 கட்டம், மிகப் பெரியது 177 கட்டம். அதனால் இணைப்பு முகவரி குட்டியாக இருப்பது நல்லது. நான்கு புறமும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும். வெளிர் பின்னணியில் அடர் நிறத்தில்தான் அச்சிட வேண்டும், தங்க நிறத்தில் கேட்காதீர்கள். நடுவில் லோகோ வைத்த கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். சேதமானாலும் படிக்கும்படி கோடிலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது, அதிகபட்ச நிலையில் ஏறக்குறைய 30 சதவீதச் சேதம் வரை தாங்கும். லோகோ அந்த இருப்பிலிருந்துதான் செலவாகிறது. பர்ஸில் கிடந்து கீறல் விழும் கார்டுக்கு அந்த இருப்பை மிச்சம் வைப்பதே நல்லது.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. சில இணையச் சேவைகள் தரும் 'டைனமிக்' கோடு நேரே உங்கள் பக்கத்துக்குப் போகாது, அவர்களுடைய முகவரி வழியாகச் சுற்றிப் போகும். சந்தா முடிந்தால் வழி அடைபடும். கார்டுகள் ஊரார் டிராயர்களில் இருக்கும், கோடு செத்திருக்கும். உருவாக்கிய கோடை ஸ்கேன் செய்து, திறப்பதற்கு முன் திரையில் தெரியும் முகவரி உங்களுடையதுதானா என்று பாருங்கள்.

போட்டோ விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. பெரும்பாலான தொழில்களுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் வீட்டுக்குள் போய் வேலை செய்பவர். மறந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவர 2 செ.மீ. அகலத்தில் ஒரு படம் உதவும், 'ஆமாம், இவர்தான்' என்று ஒரு நம்பிக்கையும் வரும். அந்த அளவில் தெளிவாக அச்சாக ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 236 பிக்ஸல் அகலம் போதும், எந்தப் போனும் எடுத்துவிடும். பின்னணி வெறும் சுவராக இருக்கட்டும். படம் முன்பக்கம், கோடு பின்பக்கம். இரண்டையும் ஒரே பக்கத்தில் நெருக்க வேண்டாம்.

காகிதம் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில். சாதாரண ஜெராக்ஸ் காகிதம் பெரும்பாலும் 70, 80 ஜிஎஸ்எம். கார்டுக்கு 300 முதல் 350 வரை இருந்தால் கையில் விறைப்பாக நிற்கும். உங்கள் பழைய கார்டின் இருபுறமும் கிளாஸ் லேமினேஷன், அதாவது பளபளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதன் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதிப் பாருங்கள், வழுக்கும். நீங்களோ அளவெடுக்கப் போகிற இடத்தில் தோராயத் தொகை, வரும் தேதி என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர். பின்பக்கத்தை லேமினேஷன் இல்லாமல் விட்டு, கோடுக்குப் பக்கத்தில் பாதி இடத்தை வெறுமையாக வையுங்கள். 'அலமாரி, 6 அடி, வியாழக்கிழமை வருகிறேன்' என்று உங்கள் கையெழுத்தில் எழுதிய கார்டை யாரும் சுலபமாகத் தூக்கிப் போட மாட்டார்கள்.

ஓரம் வரை கருப்பு அடிப்பதையும் கைவிடலாம். கார்டுகளைப் பெரிய தாளில் வரிசையாக அச்சிட்டு மொத்தமாக வெட்டுகிறார்கள், நிறம் வெட்டு விளிம்பில் சீக்கிரம் உதிர்ந்து வெள்ளை தெரியும். வெட்டும்போது ஒரு மி.மீ. நகர்வது சகஜம் என்பதால் சுற்றிலும் மெல்லிய பார்டரும் வேண்டாம், ஒரு பக்கம் ஒல்லியாகவும் மறுபக்கம் தடியாகவும் வந்து நிற்கும். பின்னணி நிறம் கட்டாயம் வேண்டுமென்றால் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. கூடுதலாக நீட்டியிருக்க வேண்டும். எழுத்துகள் உள்ளே குறைந்தது 3 மி.மீ. தள்ளி இருக்கட்டும். சிறிய எழுத்துகளை, வண்ண அச்சில் பயன்படும் நான்கு மையும் கலந்த கருப்பில் அடிக்காமல் கருப்பு மை மட்டும் வைத்து அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தகடுகளான பிளேட்டுகள் ஒன்றோடொன்று இம்மி விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழும்.

அளவில் புதுமை வேண்டாம். பர்ஸின் அறைகள் வங்கி அட்டைக்காகச் செய்யப்படுகின்றன, அது 85.6 மி.மீ.க்கு 54 மி.மீ. அதை ஒட்டிய அளவு எதுவானாலும் சரி. மரத்துண்டு வடிவத்தில் கார்டை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்க ஆசையாகத்தான் இருக்கும். பர்ஸில் நுழையாத கார்டு வீடு வரை போய்ச் சேராது.

டிசைன் முடிந்ததும் அதை நூறு சதவீத அளவில் சாதாரணத் தாளில் பிரிண்ட் எடுத்து வெட்டி, வீட்டில் வயதான ஒருவரிடம் மாலை வெளிச்சத்தில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்தத் தாளைப் பார்த்தே உங்கள் எண்ணை வேறு ஒரு போனிலிருந்து அழுத்துங்கள். பல வருடம் முன்பு என் சொந்தக் கார்டில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறி 1,000 கார்டுகள் வந்து சேர்ந்தன. அச்சுக்கு முன் சரிபார்க்கத் தந்த ப்ரூஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான், யாரைக் குறை சொல்ல? எழுத்தைக் கண் படித்துவிடுகிறது, பழக்கமான எண்ணை அது படிப்பதே இல்லை.

முதல் தடவை 100 மட்டும் டிஜிட்டல் பிரிண்டில் அடியுங்கள். ஆஃப்செட்டில் ஒவ்வொரு மைக்கும் தனி பிளேட் செய்ய வேண்டும், அந்தச் செலவு பெரிய எண்ணிக்கைக்குத்தான் கட்டுப்படியாகும். அழைப்பவர்களிடம் 'என் எண் எப்படிக் கிடைத்தது?' என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். 100 கார்டும் தீர்ந்த பிறகு அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, மாற்ற வேண்டியதை மாற்றி, ஆஃப்செட்டுக்குப் போகலாம்.