ட்ரெண்ட் ட்விட்டரில் பிறந்த சொல்லா?

கீழக்கரை அண்ணனுக்கு வணக்கம். மகளின் பேச்சுப்போட்டிக்கு 'ட்ரெண்ட் என்பது ட்விட்டர் தந்த சொல்' என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், நடுவர் பிடித்துவிடுவார். ட்விட்டர் வந்ததே 2006-இல்தான். சொல்லோ பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அப்போது அதற்கு உருளுதல், சுழலுதல் என்று பொருள்.

அப்புறம்தான் சுவாரசியம். 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆறோ கடற்கரையோ ஒரு பக்கமாக வளைந்து போவதைச் சொல்ல இதைப் பயன்படுத்தினார்கள். நம் கரையையே பாருங்கள். தொண்டியிலிருந்து தெற்கே இறங்கி, தேவிபட்டினம் தாண்டிக் கிழக்கே திரும்பி மண்டபம் நோக்கி ஓடுகிறதே, அந்தத் திருப்பம்தான் பழைய பொருளில் ட்ரெண்ட். நிலவியல்காரர்கள் இன்றும் பாறை அடுக்கு போகும் திசையை இப்படித்தான் சொல்கிறார்கள்.

விலைவாசி, கருத்து போன்றவற்றின் போக்கைக் குறித்தது 19-ஆம் நூற்றாண்டில். உடை, பாட்டு எல்லாம் போன நூற்றாண்டின் நடுவில் வந்த கதை; ரீல்ஸ் இந்த நூற்றாண்டுக் கதை.

தமிழில் 'போக்கு' என்றே எழுதச் சொல்லுங்கள், கச்சிதமாகப் பொருந்தும். 'மோகம்' வேண்டாம், அது ஆங்கிலத்தில் கிரேஸ் (craze) என்பதற்குத்தான் சரி.