அரசுப் பள்ளிக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கும் போகாதவர் ஏன் வரி கட்ட வேண்டும்?

"பிள்ளைகளுக்குப் படிப்பும் வைத்தியமும் தனியாரில்தான், பிறகு என் வரி எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எரிச்சல் புரிகிறது. ஆனால் "நான் பயன்படுத்தவில்லை" என்ற கணக்கே தவறு.

போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் பல்ஸ் போலியோ முகாம்கள் தொடங்கின. பள்ளிக்கூடம், பேருந்து நிலையம் என்று எங்கும் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்து சொட்டு மருந்து போட்டார்கள். போட்ட குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைத்தார்கள். விடுபட்ட குழந்தைகளைத் தேடி வீடு வீடாகப் போய், பார்த்த வீட்டுக் கதவில் சாக்பீஸால் குறித்தார்கள். இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் ஒரு குழந்தையையும் முடக்கவில்லை. உங்கள் பிள்ளைக்குத் தனியார் கிளினிக்கில் மருந்து போட்டிருக்கலாம். ஆனால் நோய் உங்கள் தெருவுக்கே வராமல் நின்றது, முகம் தெரியாத ஆயிரம் குழந்தைகளுக்கு வரிப்பணத்தில் போட்ட சொட்டால்தான். அந்தக் கிளினிக் டாக்டரும் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தவராக இருக்கலாம்.

இன்னொன்று, வரி கட்டுவது நீங்கள் மட்டுமல்ல. பூ விற்கும் அம்மா சோப்பு வாங்கினாலும் ஜிஎஸ்டி உண்டு. அவர் ஒருநாளும் ஏறாத விமானத்துக்காக, விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்க அரசு செலவிடும் பணத்தில் அதுவும் சேர்கிறது.

பாஸ்போர்ட் போல ஒருவருக்கே பயன்படுவதற்குக் கட்டணம் வாங்கட்டும், அது சரி. பணம் வீணாகிறது என்று தோன்றினால், 2005-ன் தகவல் உரிமைச் சட்டத்தில் கணக்குக் கேளுங்கள். அது உங்கள் உரிமை, அவசியம் கேட்க வேண்டியதும்கூட.