மூளைத் திசு ஒட்டும் டோபமைன் ஏற்பிகளும்: தோப்பை விற்கும் முன்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகர்): என் தந்தைக்கு 68 வயது. ஒன்பது ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். மாத்திரையின் பலன் இப்போது மூன்று மணி நேரமே நிற்கிறது. எலும்பு மஜ்ஜைச் செல்களை முதுகுத்தண்டில் செலுத்தினால், எலிகளில் நடந்ததுபோல் அழிந்த டோபமைன் ஏற்பிகள் மீண்டுவிடும் என்கிறார்கள். தென்னந்தோப்பில் ஒரு பகுதியை விற்கலாமா?

பதில்: விற்க வேண்டாம். எலிகளில் நடந்தது உண்மைதான். ஆனால் உங்களிடம் அது தலைகீழாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பார்க்கின்சனில் முதலில் அழிபவை, அசைவுக்குத் தேவையான டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நடுமூளைச் செல்களே; அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள் அல்ல. எலியின் மூளையில் ஒரு பக்கம் மட்டும் 6-ஹைட்ராக்சிடோபமைன் என்னும் நச்சைச் செலுத்தி அச்செல்களை அழித்தால், வரத்து நின்றுபோன ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் டி2 என்னும் வகை டோபமைன் ஏற்பிகள் எண்ணிக்கையில் கூடிவிடுகின்றன. அதனால் அந்த ஏற்பிகளைத் தூண்டும் அபோமார்பின் மருந்தைக் கொடுத்ததும் அந்த எலி, சேதமடையாத பக்கத்தை நோக்கிச் சுற்றிச் சுற்றி வருகிறது. எலிக்கருவின் நடுமூளைத் திசுவை மூளைக்குள் வைத்தபோது இச்சுழற்சி குறைந்ததை 1979இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படி ஒட்டிய திசுவின் டோபமைன் எட்டிய இடங்களில் ஏற்பிகளின் மிகை தணிந்து இயல்பளவை நெருங்கியதாகப் பிந்தைய ஆய்வுகள் கண்டன. ஏற்பி 'மீண்டது' என்றால் கூடியிருந்தது அடங்கியது என்றே பொருள்.

முதலமடையில் மாங்கன்று ஒட்டுபவர்களைக் கேளுங்கள்: எந்த இனத்துக் கிளையை ஒட்டுகிறோமோ அந்த இனத்துக் காய்தான் காய்க்கும். முதுகுத்தண்டில் செலுத்திய மஜ்ஜைச் செல்கள் மூளைக்குச் சென்று டோபமைன் நரம்புகளாகிவிடும் என்பதற்குச் சான்றில்லை.

சரியான கருத்திசுவை மூளைக்குள்ளேயே வைத்தும் மனிதர்களில் ஏமாற்றமே மிஞ்சியது. 40 பேரைக் கொண்டு 2001இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், அறுபது வயதைக் கடந்தவர்களிடம் ஓராண்டில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. பலன் பெற்றவர்களிலும் சிலருக்குப் பின்னாளில் மருந்தைக் குறைத்தும் அடங்காத மிகையசைவுகள் வந்தன. எலிக்குக் கொடுத்த நச்சு ஒருமுறையோடு முடிந்தது. நோயோ தொடர்கிறது, பத்தாண்டுக்கும் மேலான சில ஒட்டுகளிலேயே நோயின் அடையாளப் படிவுகள் 2008இல் காணப்பட்டன. 2025இல் வெளியான குருத்தணு (ஸ்டெம் செல்) ஆய்வுகள் நம்பிக்கை தருபவைதாம். ஆனால் அவை வெகு சிலரிடம் பாதுகாப்பைச் சோதித்தவை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், இந்நோய்க்கு, மஜ்ஜையிலிருந்து எடுப்பது உட்பட எந்தக் குருத்தணுவையும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே பயன்படுத்த இடம் தரவில்லை. எனவே ஆய்வுப் பதிவெண்ணைக் கேளுங்கள்; முன்பணம் கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள்.

மாத்திரை இன்னும் மூன்று மணி நேரம் வேலை செய்கிறது என்பதை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன். மாத்திரைக்கு இன்னும் பலன் இருப்பதால், மூளைக்குள் மின்முனை பொருத்தும் ஆழ்மூளைத் தூண்டல் அறுவைக்கு ஏற்றவரா என்று திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் போன்ற இடத்தில் பரிசோதிக்கலாம். அதுவரை தந்தையின் லெவோடோபா மாத்திரையைப் புட்டும் கடலையும் உண்பதற்கு அரைமணி முன்பே கொடுத்துப் பாருங்கள். புரதம் அதன் உறிஞ்சலைத் தடுக்கும். மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது. ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்த நேரத்தையும் பலன் விட்ட நேரத்தையும் குறித்து, அந்தத் தாளோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.