மன உளைச்சல் கேள்விப் படிவங்கள் எல்லாப் பண்பாட்டுக்கும் பொருந்துமா? எப்படிச் சோதிப்பார்கள்?

சோதித்துப் பார்க்காமல் பொருந்தும் என்று சொல்லவே கூடாது. படிவத்தை மொழிபெயர்த்ததும் பாதி வேலைகூட முடிவதில்லை. இந்தத் தரவுகளோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு.

அமெரிக்க ஆய்வாளர் ரொனால்ட் கெஸ்லரின் கே-6 என்ற மன உளைச்சல் படிவத்தைப் பாருங்கள். கடந்த 30 நாட்களில் எவ்வளவு அடிக்கடி பதற்றமாக இருந்தது, நம்பிக்கையே இல்லாமல் போனது என்பது போல ஆறே கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 24. அதில் 13 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான மனநலச் சிக்கல் இருக்கலாம் என்பது அமெரிக்காவில் வகுத்த எல்லை. 'எப்போதும்' என்ற கட்டத்தைத் தொடவே தயங்கும் மக்களிடம் அதே 13-ஐ வைத்தால் என்ன ஆகும்? உதவி தேவைப்படுகிறவர் 9-இலேயே நின்றுவிடுவார். படிவம் அவரை 'நலம்' என்று அனுப்பிவிடும். அதனால்தான் ஒரு பகுதியினரிடம் படிவத்தை நிரப்பச் சொல்லிவிட்டு, அந்த மதிப்பெண் தெரியாத மனநல மருத்துவர் ஒருவரைக் கொண்டு அவர்களைத் தனியே நேர்காணல் செய்ய வைப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டால் அந்த ஊருக்கான எல்லை எது என்று தெரிந்துவிடும். செலவு பிடிக்கும் வேலைதான், ஆனால் தவிர்க்கக் கூடாதது.

அப்புறம், ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மனச்சோர்வை அளக்க 1977-இல் வந்த சி.ஈ.எஸ்-டி என்ற அளவுகோலில் அழுகை பற்றி ஒரு கேள்வி உண்டு. ஆணும் பெண்ணும் ஒரே அளவு மனச்சோர்வில் இருந்தாலும், பெண்கள்தான் அதில் அதிக மதிப்பெண் பெறுகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டின. அழுவதை அடக்கச் சொல்லி வளர்த்தவர்களிடம் அந்தக் கேள்வி நோயையா அளக்கும், வளர்ப்பையா? ஒரே நாட்டுக்குள் ஆணுக்கும் பெண்ணுக்குமே இப்படியென்றால், பண்பாடு மாறும்போது கேட்கவே வேண்டாம்.

இதற்கு நேரெதிர் வழியும் உண்டு. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் 1990-களில், அங்குள்ளவர்கள் தங்கள் துயரத்தை எப்படிச் சொல்கிறார்களோ அதிலிருந்தே அங்கு பேசப்படும் ஷோனா மொழியில் 14 கேள்விகளை உருவாக்கினார்கள். அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது அதில் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஆனால் அதை வைத்து நாடுகளை ஒப்பிட முடியாது என்பதும் உண்மை.

ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் அளவீட்டு மாறாமைச் சோதனை அவசியம்: ஒரே உளைச்சல் உள்ளவர்கள் எந்தக் குழுவில் இருந்தாலும் ஒரே மாதிரி மதிப்பெண் பெறுகிறார்களா? அது தேறாமல், 'இந்த நாட்டில் உளைச்சல் அதிகம்' என்று சராசரியை வைத்து எழுதும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை.