முதல் பத்தியும் 'அனைத்து உரிமைகளும்'

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன், கதை எழுதுவது இரவில்தான். முதல் பத்தியைத் திருத்தித் திருத்தியே மாதம் ஓடிவிடுகிறது. இதற்கிடையில் என் பன்னிரண்டு கதைகளைத் தொகுப்பாகப் போட ஒரு பதிப்பகம் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. 'அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே' என்று அதில் ஒரு வரி. கலை, செய்நேர்த்தி, தொழில் என்று எதைத்தான் கவனிப்பது?

பதில்: மூன்றையும்தான். ஆனால் ஒரே ராத்திரியில் வேண்டாம். முதல் பத்தியை முடிக்கவிடாமல் உங்களுக்குள் இருக்கும் திருத்துபவர் எட்டிப் பார்க்கிறார். அவருக்கு ஞாயிறு காலையை ஒதுக்கிவிடுங்கள். ராத்திரியில் மேலே போய்ப் படிக்காமல் கடைசி வரி வரைக்கும் எழுதுங்கள். சொல் கிடைக்காத இடத்தில் புள்ளி வைத்துவிட்டு நகருங்கள்.

முடித்த கதையை இரண்டு வாரம் கிடப்பில் போட்டுவிட்டு, அச்செடுத்து வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு தடுக்கும் இடம் பெரும்பாலும் கதையும் தடுக்கும் இடம். நீங்கள் இணைத்திருந்த கதையையே எடுத்துக்கொள்வோம். மரணச் செய்தி வந்ததும் 'துயரம் அவள் நெஞ்சைக் கசக்கிப் பிழிந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கடுத்து, 'குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.' பிழிந்த நெஞ்சை அடித்துவிடுங்கள், குக்கர் போதும். அந்தக் குக்கர் எழுதுகிற வேகத்தில் தானாக வந்ததாக இருக்கும் என்பது என் ஊகம். திருத்தும்போது அதற்கும் 'அழகு' சேர்க்கப் போனீர்களானால் கெட்டது கதை.

இனி ஒப்பந்தம். நம்மில் பலர் புத்தகம் வந்தால் போதுமென்று கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுகிறவர்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வேறுவிதமாக எழுதியிராதபட்சத்தில், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் விட்டால் அது காலாவதியாகிவிடும். ஆனால் 'அனைத்து உரிமைகளும், உலகெங்கும், என்றென்றைக்கும்' என்று நீங்களே கையெழுத்திட்டுவிட்டால் காலம், எல்லை பற்றிய இந்தப் பாதுகாப்பு உதவாது. பதிப்புரிமை உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும் சொத்து, உங்கள் பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு.

ஆகவே அந்த வரியை அடித்துவிட்டு, 'தமிழில் அச்சுநூல் உரிமை மட்டும், மூன்று ஆண்டுக்கு' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். ராயல்டி எத்தனை சதவீதம், கணக்கு எந்த மாதம் வரும் என்பதும் தாளில் வர வேண்டும். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் கிடைத்துவிடும்.