பெரு போகுமுன்: வாசகர் கேள்வி – பதில்

மதுரை வாசகர்: 12 நாள் பயணமாகப் பெரு போகிறோம். எனக்கு 58, மனைவிக்கு 54. லிமாவில் இறங்கிய மறுநாளே விமானத்தில் குஸ்கோ, அதற்கடுத்த நாள் காலை வானவில் மலை என்று டிராவல்ஸ்காரர் அட்டவணை போட்டுத் தந்திருக்கிறார். தாங்குமா?

தாங்காது. அட்டவணையைத் திருப்பிக் கொடுத்து மாற்றித் தரச் சொல்லுங்கள். பெருவில் ஊருக்கு ஊர் எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட எத்தனை மீட்டர் உயரம் என்பதுதான் முக்கியம். லிமா கடலோரம். குஸ்கோ 3,400 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் உங்களை அங்கே கொண்டுபோய் இறக்கிவிடும், உடம்புக்கு அது தெரியாது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். வானவில் மலையோ 5,000 மீட்டரைத் தாண்டியது.

இந்த உயர நோயை அங்கே 'சொரோச்சே' என்பார்கள். இறங்கிய உடனே வராது, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் காட்டும். பகலில் ஒன்றும் தெரியவில்லையே என்று ஊர் சுற்றி, இரவு வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுப்பவர்கள், நடுராத்திரி தலைவலியும் குமட்டலுமாக எழுந்து உட்காருவார்கள்.

செய்ய வேண்டியது இது. குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் தங்காமல் நேராகக் கார் பிடித்துப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். உருபாம்பா, ஒயாந்தாய்தாம்போ இரண்டுமே 2,800 மீட்டர் சுமார்; ஒன்றரை முதல் இரண்டு மணி நேரப் பயணம். அங்கே இரண்டு இரவு. பிறகு இன்கா மக்களின் பழைய மலைநகரமான மச்சு பிச்சு, அது 2,430 மீட்டர்தான். குஸ்கோவை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வானவில் மலை கடைசியில்; உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் விட்டுவிடச் சொல்வேன்.

உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரையால் விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அப்போதே கீழே இறங்க வேண்டும்.

விடுதி வாசலிலேயே கோக்கா இலைத் தேநீர் வைத்திருப்பார்கள். இதமாக இருக்கும், மருந்துக்கு ஈடாகாது. நினைவுக்காக ஒரு பாக்கெட் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கோக்கா இலை நம் நாட்டில் போதைப்பொருள் தடைச் சட்டத்தின் கீழ் வருகிறது, தேநீர்ப் பொட்டலமானாலும் சிக்கல்தான்.

திருச்சி வாசகி: மச்சு பிச்சுவுக்கு டிக்கெட், ரயில், பஸ் எல்லாம் தனித்தனி என்கிறார்கள். எதை முதலில் எடுப்பது?

நுழைவுச்சீட்டுதான் முதலில். அதில் நாளும் மணியும் குறித்திருக்கும். அதற்கேற்ப ரயில், கடைசியில் பஸ். ரயிலை முதலில் எடுத்துவிட்டு, அந்த நாளுக்கு நுழைவுச்சீட்டு தீர்ந்துபோய்த் தவிப்பவர்கள் நிறைய.

நுழைவில் மூன்று சுற்றுப்பாதைகள் உண்டு. காலண்டர் படத்தில் பார்க்கும் அந்தக் காட்சி மேல்தட்டுகளில் இருந்து எடுத்தது. அது முதல், இரண்டாம் பாதைகளில் கிடைக்கும். இரண்டாவதில் இடிபாடுகளுக்குள்ளும் நடக்கலாம், ஆகவே அதுதான் முதலில் விற்றுத் தீரும். மூன்றாவது கீழ்ப்பகுதி. எது மிச்சமோ அதை எடுத்துவிட்டு, படம் எடுக்கும் இடத்துக்கு விடவில்லை என்று காவலரிடம் சண்டை போடுவதில் பயனில்லை.

சாலை மலையடிவார ஊர்வரைகூடப் போகாது. ஒயாந்தாய்தாம்போவில் இருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் அகுவாஸ் காலியன்டெஸ். அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் கொண்டை ஊசி வளைவுகள். படியேறிப் போனால் ஒன்றரை மணி நேரம். பஸ்ஸுக்கு வரிசை நீளும், அதனால் ரயில் சேரும் நேரத்துக்கும் நுழைவு நேரத்துக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். சீட்டில் உள்ள பாஸ்போர்ட் எண்ணும் கையில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். அசல் பாஸ்போர்ட்டையே எடுத்துப்போங்கள். 40 × 35 × 20 செ.மீ.க்கு மேற்பட்ட பையை உள்ளே விடமாட்டார்கள். கழிப்பறை வாசலுக்கு வெளியே மட்டும்தான். வெளியே வந்துவிட்டால் அதே சீட்டில் திரும்ப நுழைய முடியாது.

மச்சு பிச்சுவுக்கு நான்கு நாள் நடந்தே போகும் இன்கா பாதை வேறு கணக்கு. சுமைதூக்குவோரையும் சேர்த்து நாளுக்கு 500 பேர்தான். பிப்ரவரி முழுக்க மூடிவிடுவார்கள்.

கும்பகோணம் வாசகர்: சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் கேட்கிற விதத்தில் இருக்கிறது. 'சின் கார்னே' (கறி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் கோழி வரும். அங்கே 'கார்னே' என்றால் பெரும்பாலும் மாட்டுக்கறிதான் அவர்கள் மனதில். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ' என்று கறி, கோழி, மீன் மூன்றையும் சொல்லுங்கள். காய்கறி சூப் என்று வருவதும் கோழி வேகவைத்த நீரில் செய்ததாக இருக்கும். 'கால்டோ'வில் (வேகவைத்த நீரில்) என்ன என்று கேட்டுவிடுங்கள்.

'சீஃபா' என்ற பலகையைத் தேடுங்கள்: பெருவில் குடியேறிய சீனர்களின் உணவகம், எல்லா ஊரிலும் உண்டு. காய்கறி போட்ட 'அர்ரோஸ் சாவ்ஃபா' (ஃபிரைட் ரைஸ்) கிடைக்கும், முட்டை வேண்டாமென்றால் 'சின் வெவோ'. அவித்த உருளைக்கிழங்கின் மேல் பாலாடைக்கட்டியும் மஞ்சள் மிளகாயும் அரைத்து ஊற்றிய 'பாப்பா ஆ லா வான்காயினா'வில் ஓரத்தில் முட்டை வைப்பார்கள், சொன்னால் எடுத்துவிடுவார்கள். தெருவில் கட்டை விரல் நகம் அளவு மணி உள்ள சோளக்கதிரை அவித்துப் பாலாடைக்கட்டித் துண்டோடு தருவார்கள், நாவுக்குப் பிடித்துப்போகும்.

வறுத்த கடலை அங்கே 'மனி'. நாம் மணிலாக்கொட்டை என்பது பிலிப்பைன்ஸ் வழியாக வந்ததால். அதன் பிறப்பிடம் தென்னமெரிக்கா. பெருவின் வடக்கே சிபான் என்ற இடத்தில் உள்ள பழங்கால அரசர் கல்லறையில் தங்கத்திலும் வெள்ளியிலும் கடலை வடிவில் செய்த கழுத்தணியே கிடைத்தது. லம்பாயேக்கே அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

சொந்தச் சமையல் என்றால் ஒன்று: குஸ்கோவில் தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது, குக்கர் வேண்டும்.

சென்னை வாசகி: காட்டுப்பக்கம் போகவில்லை. மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டுமா?

பெரு கேட்காது, திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். எந்த ஊர் போனீர்கள் என்பது கணக்கில் வராது, பெருவில் இருந்து வருகிறீர்கள் என்பதே போதும். ஊசி போட்டதற்கான சான்றான மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 60 வயது தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஈரோடு வாசகர்: எந்த மாதம் நல்லது?

மே அல்லது செப்டம்பர். மலையில் டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. மண் சரிந்தால் ரயில் நின்றுவிடும். ஜூன் 24 குஸ்கோவில் இன்டி ராய்மி சூரியத் திருவிழா, அறை கிடைப்பது கஷ்டம். ஜூலையில் மலை பளிச்சென்று வெயிலடிக்கும், இரவில் பூஜ்யம் வரை குளிரும். அதே சமயம் லிமா, சாம்பல் நிற வானமும் தூறலுமாகச் சோம்பிக் கிடக்கும்.

சேலம் வாசகர்: விசா, பணம்?

அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) இவற்றில் ஒன்றின் விசா ஆறு மாதத்துக்குக் குறையாத செல்லுபடியோடு இருந்தால் பெருவுக்குத் தனி விசா தேவையில்லை. இல்லாவிட்டால் டில்லியில் உள்ள தூதரகம். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். டாலர் நோட்டு புதிதாக இருக்கட்டும். ஓரத்தில் சின்னக் கிழிசல் இருந்தாலும் விரலால் தடவிப் பார்த்துத் திருப்பித் தள்ளிவிடுவார்கள்.