தண்ணி ஊத்த ஊத்த ஜேட் செடி வாடுதே, என்ன பண்றது?

கேள்வி: சார், நாங்க பெங்களூரு அல்சூர்ல மூணாவது மாடி ஃபிளாட்ல இருக்கோம். கிரகப்பிரவேசத்துக்கு வந்த, சதைப்பத்தான இலை இருக்குற ஜேட் செடி ஒன்னு, வெள்ளை பீங்கான் தொட்டில ஹால் டீப்பாய் மேல வெச்சிருக்கேன், தினமும் அரை டம்ளர் தண்ணி. மழை பிடிச்சதுல இருந்து இலை சுருங்கி, தொட்டாலே கொட்டுது. தண்ணி பத்தலையோன்னு இன்னும் ஊத்தினேன், கேக்கல. பூனை வேற இலையக் கடிக்குது. காப்பாத்த முடியுமா?

பதில்: வணக்கம்மா. முதல்ல தண்ணிய நிறுத்துங்க, இன்னிக்கே. நீங்க ஊத்தின தண்ணிதான் செடிய வாட வைக்குதுன்னு நினைக்கிறேன். வேர் அழுகிட்டா தொட்டி நிறைய தண்ணி இருந்தாலும் செடியால குடிக்க முடியாது, அதான் தாகத்துல இருக்குற மாதிரியே இலை சுருங்கும், நாமளும் பாவம்னு இன்னும் ஊத்துவோம். நிஜமாவே தாகம்னா இலை சுருங்கும், ஆனா அவ்வளவு சீக்கிரம் இப்படிக் கொட்டாது, ஒரு தடவை நல்லா ஊத்தினா ரெண்டு மூணு நாள்ல உப்பிக்கும்.

செடிய தொட்டியோட கவுத்து மெதுவா வெளிய எடுங்க. அடித்தண்டை விரலால அழுத்திப் பாருங்க, கொழகொழன்னு அமுங்கி, வேர்ல சாக்கடை நாத்தம் அடிச்சா அழுகல்தான். அப்படின்னா வேரை விட்டுடுங்க, மேல இருக்குற கெட்டியான கிளைய சுத்தமான பிளேடால வெட்டுங்க, வெட்டின இடத்துல பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிஞ்சா இன்னும் மேல தள்ளி வெட்டுங்க, சுத்தமா வெள்ளையோ பச்சையோ வர்ற வரைக்கும். இந்த இடத்துல தயவுசெஞ்சு மனசு கேக்கலன்னு விட்டுடாதீங்க, கொஞ்சம் அழுகல் மிச்சம் இருந்தாலும் திரும்ப ஏறும். வெட்டின குச்சிய நிழல்ல, காத்துல அஞ்சு நாள் போட்டு வைங்க, மழை ஈரத்துல ஒரு வாரம் கூட ஆகலாம், முனை காய்ஞ்சு தோல் கட்டின அப்புறம்தான் நடணும்.

தொட்டி மண் தொட்டியா, அடியில ஓட்டையோட இருக்கணும். உங்க பீங்கான் தொட்டிய திருப்பிப் பாருங்க, கிஃப்ட்டா வர்றதுல பலதுக்கு ஓட்டையே இருக்காது. நம்ம ஊர் செம்மண்ண மட்டும் போட்டா நாலு தடவை தண்ணி பட்டதும் செங்கல் மாதிரி இறுகிடும். அதனால ஒரு பங்கு செம்மண், ரெண்டு பங்கு பெருமணல் இல்ல உடைச்ச செங்கல் ஜல்லி, அரைப் பங்கு மக்கின எரு. எம் சாண்ட்தான் கிடைக்குதுன்னா மாவு போற வரைக்கும் அலசிட்டுப் போடுங்க. நட்டு ஒரு வாரம் தண்ணியே வேண்டாம், அப்புறம் லேசா. மூணு நாலு வாரத்துல வேர் பிடிச்சுடும், சந்தேகத்துல பிடுங்கிப் பிடுங்கிப் பாக்காதீங்க.

அதுக்கப்புறம் கிழமை பாத்து ஊத்தாதீங்க. ஊதுபத்தி எரிஞ்ச குச்சி ஒன்ன அடி வரைக்கும் குத்தி எடுங்க, மண் ஒட்டாம வந்தா அடியில வழியுற மாதிரி ஊத்துங்க, ஒட்டினா விட்டுடுங்க. மார்ச் ஏப்ரல்ல வாரம் ஒரு தடவை கேக்கும், ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் இங்க மண்ணு காயவே காயாது, ரெண்டு மூணு வாரம் சும்மா விட்டாலும் ஒன்னும் ஆகாது. ஹால்ல வேண்டாம்மா, வெளிச்சம் பத்தாத இடத்துல தண்ணியும் செலவாகாது. காலை வெயில் விழுற பால்கனில, சாரல் அடிக்காம வைங்க, வெயிலுக்கு ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க.

பூனை விஷயத்துக்கு செடி எதுன்னு தெரியணும். நம்ம நர்சரில ஜேட்னு ரெண்டு செடி விக்கிறாங்க, ரெண்டும் தென்னாப்பிரிக்காவோடது. பருப்புக்கீரை மாதிரி நகத்தளவு இலை, செவந்த குச்சின்னா அது போர்டுலகேரியா, அங்க யானைங்க விரும்பித் தின்னுற செடி, பூனைக்கும் ஒன்னும் பண்ணாது. இலை பெருசா, தடிமனா, தண்டும் தடியா இருந்தா அது கிராசுலா, தின்னா பூனை வாந்தி எடுக்கும், அதை எட்டாத உயரத்துல தொங்க விடுங்க.